ஓரம் வெட்டிய புத்தகம்

மந்தைவெளி பஸ் நிலையத்தைத் தாண்டிய பிறகுதான் பாயிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. எனக்காக அவர் வாங்கிவைத்த டீ அவருடைய பைண்டிங் கடை மேஜையில் ஆறிக்கொண்டிருக்கும். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் நின்றேன். போகவில்லை. ஒரு கையில் துணிப்பை, அதற்குள் பழைய செய்தித்தாளில் சுற்றிய புத்தகம். தோளில் ஒரு கோணிப்பை. அதில் பாயின் கடைத் தரையிலிருந்து இரண்டு கையாலும் வாரிப் போட்ட காகிதத் துண்டுகள்.

அடையாறு பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம். சீக்கிரம் போய்ச் சேர எனக்கு விருப்பமில்லை. நடந்தேன்.

புத்தகம் என்னுடையது இல்லை. அடையாறு காந்தி நகரில் இருந்த ஒரு டீச்சருடையது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த ஒரு புத்தகத்தைச் செய்துகொண்டிருந்தார். எழுதவில்லை, கிழித்து, ஒட்டி, காயவைத்து, செய்துகொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில் இருந்த ஒரு கலைக்கூடத்திலிருந்து கார் வந்து அதை எடுத்துப்போக இருந்தது. அவர் கைப்பட்ட ஒன்று ஒரு கண்காட்சியில் வைக்கப்படுவது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் அவர் எடுத்துக்கொண்டு போன சின்னச் சின்னப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். ரொம்ப அழகாக இருக்கிறது, கைவினைப் பொருள் கண்காட்சி நடக்கும்போது அங்கே கேட்டுப் பாருங்கள். கூடைக்கும் தஞ்சாவூர் பொம்மைக்கும் நடுவில் வைக்கச் சொன்னார்கள். இந்தப் புத்தகத்தை மட்டும் அந்தக் கலைக்கூடத்துக்காரர் வீட்டுக்கே வந்து, பாதி வேலையில் பார்த்துவிட்டு, "முடிச்சுக் குடுங்க, நடு மேஜையில வைக்கிறேன்" என்று சொன்னார். டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அன்று சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது என்று அவர் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார்.

அந்தப் புத்தகத்தைத்தான் பாய் கட்டிங் மிஷினில் வைத்து, முதுகு தவிர மூன்று பக்கமும் வெட்டிவிட்டார்.

டீச்சர் எனக்குப் பழக்கமானது சுவர் வழியாக. நான் அப்போது சுவர் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்ற பிறகு லாரி கிளீனராக விஜயவாடா, ஒரு மழைக்காலம் முழுக்க ஹூப்ளியில் ஹோட்டலில் மாவாட்டும் வேலை, பம்பாயில் தகர டப்பா செய்யும் பட்டறை. எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒருநாள் காலையில் எழுந்திருக்கும்போது போக வேண்டும்போல் இருக்கும், போய்விடுவேன். சென்னையில் சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பழ வண்டியில் படுக்க இடம் கிடைத்தது. வண்டியில் படுக்கிறவன் வண்டிக்குக் காவல், அதனால் வாடகை கிடையாது. மழை வந்தால் வண்டிக்கு அடியில். பகலில் சுவர் விளம்பரம் எழுதும் கோஷ்டியோடு போவேன். எழுதுகிறவர் வருவதற்குள் சுவரைச் சுத்தம் செய்து வைப்பது என் வேலை. ஒரு கையில் சுரண்டி, ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு.

பனகல் பார்க் பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர். வருஷக்கணக்காகப் போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டி, மழையில் ஊறி, சுவரை விட்டுத் தானாகவே விலகி நின்றது. சுரண்டியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். கதவு கழன்று வருவதுபோல ஒரு பெரிய பாளம் கையோடு வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்தார்.

"ஏம்ப்பா, அதை என்ன பண்ணப் போறே?"

"இன்னாமா பண்றது? கீழ போட்டா மாடு துன்னும்."

"காகிதத்தையா?"

"பசை மைதா மாவுல தானே காச்றாங்க. சூப்பரா துன்னும். ஈரோ மூஞ்சியத்தான் மொதல்ல துன்னும்."

"நேக்குக் குடேன். ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்."

ஏணி மேல் நின்று கோடு போட்டுக்கொண்டிருந்தவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "டேய், நல்லா மூட்டையா கட்டிக் குட்றா. அம்மா வூட்ல எத்தினி மாடு கீதோ!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு மாடுதான் இருக்கு. ரிட்டயர் ஆயிடுத்து. இங்கிலீஷ் பேப்பர் மட்டும்தான் திங்கும்" என்றார். ஏணிக்காரன் பிரஷ்ஷைக் கீழே விட்டுவிட்டான்.

ஆட்டோவில் பாளத்தை உடையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் காந்தி நகர் வீட்டுக்கு முதல் தடவை போனேன். பின்கட்டில் ஒரு நீளமான அறை. மேஜை முழுக்கக் காகிதம், பசைக் கிண்ணம், கத்தரிக்கோல், துணிக் கிழிசல். பாளத்தை மேஜை மேல் வைத்தேன். மேலே ஒரு நடிகரின் பாதி முகம் இருந்தது. அவர் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓரத்தைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மெல்லிய கோடு கோடாக மஞ்சள், ரோஸ், கறுப்பு, திரும்ப மஞ்சள். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. யாரோ ஒரு பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அதன் மேலும் ஒட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்க இதைத்தான் பெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"இது புஸ்தகம்தானே?" என்றார். "யாரும் தைக்காத புஸ்தகம்."

அதற்கப்புறம் நல்ல பாளம் கிடைத்தபோதெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொரு தாளாக உரித்தெடுப்பார். உரித்தது கொடியில் காயும். "ஒரு வேஷ்டி காயப் போட வழி இல்லை. கொடி பூரா சினிமாக்காரா தொங்கறா" என்பார் வீட்டுக்காரர். அவர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எதைப் பற்றியும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பார். பெரும்பாலும் அது யார் காதிலும் விழாது.

வேலை இல்லாத நாளில் நானும் உரிப்பேன், மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுவேன். டீச்சர் கெட்டியான கைக்காகிதத் தாள்களில் ஒட்டிக்கொண்டே போனார். போஸ்டர் கிழிசல், பஸ் டிக்கெட், புடவைக் கரை நூல், மரக்கிளையில் சிக்கிக் கிடந்த காசெட் நாடா. ஒட்டுவதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதுவும் தாளுக்குள் அடங்கக் கூடாது. எல்லாம் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடங்கிவிட்டால் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டுவார். சாயங்காலமானால் தாள்களை அடுக்கி மேலே ஒரு பலகையை வைத்து, பக்கவாட்டிலிருந்து பார்ப்பார். இங்கே ஒரு சிவப்பு குறைகிறது என்று நடுவில் ஒரு தாளை உருவி எடுத்து நூல் சேர்ப்பார். மூடி இருக்கும்போது அது சுவரிலிருந்து பெயர்ந்த பாளம் மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அதில் ஒவ்வொரு கோடும் அவர் வைத்த கோடு. "மேஜையில மூடியே வைக்கச் சொல்லப் போறேன்" என்று சொல்லியிருந்தார். "எல்லாரும் சுத்திவந்து பாக்கட்டும். தெறக்கணும்னு தோணினா தெறக்கட்டும்."

தாள்கள் அவ்வளவு மொத்தமாகிவிட்டதால் அவர் கையால் தைக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதனால்தான் பாய்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கடை. அவர் அப்பா காலத்திலிருந்து அங்கேதான். வக்கீல்களின் சட்டப் புத்தகம், ஆபீஸ்களின் கணக்குப் பேரேடு, சபாக்காரர்களின் பாட்டு நோட்டு, எல்லாம் அவரிடம்தான் பைண்டிங்குக்கு வரும். டீச்சர் நேரிலேயே போய்ச் சொன்னார். "தையலும் அட்டையும் மட்டும் போதும் பாய். வேற ஒண்ணும் வேண்டாம்." பாய் தலையாட்டினார். தங்க எழுத்து வேண்டாம், அலங்காரப் பட்டி வேண்டாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஓரம் வெட்டுவது அந்தத் தொழிலில் தனியாகச் செய்கிற வேலையே இல்லை. தைத்தால் வெட்டுவார்கள், வெட்டினால் அட்டை போடுவார்கள். சட்டை தைத்த தையற்காரர் தொங்கும் நூலை அறுப்பதற்கு யாரும் தனியாகச் சொல்வதில்லை.

அன்று மத்தியானம் நான் போனபோது புத்தகம் அழுத்துப் பலகையிலிருந்து வெளியே வந்து தயாராக இருந்தது. நீலக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை.

"வா நைனா, டீ சாப்பிடு. இந்தா, வெரல வச்சுப் பாரு. கண்ணாடி மாதிரி கீதா இல்லியா?"

விரலை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

"பிளேடு நேத்துத்தான் சாணை புடிச்சு வந்துது. சாணை புடிச்சு வந்தா மொத வெட்டு நல்ல வேலைக்குத்தான் குடுப்போம், அது எங்க வாப்பா காலத்துப் பழக்கம். ஒரு வக்கீலு அர்ஜெண்டுன்னு வந்து நிக்கிறாரு. நில்லுங்க சார், மொத வெட்டு டீச்சரம்மாக்குன்னு சொல்லிட்டேன். ஓரம் பூரா குருவிக் கூடு மாதிரி கெடந்துது. பாவம், வூட்ல வச்சு செய்றவங்க, அவங்களுக்கு இன்னா மிஷினா கீது?"

மிஷினுக்கு அடியில் குவியல் கிடந்தது. சிவப்புக் கோடு போட்ட பேரேட்டுத் துண்டுகளுக்கு நடுவில் புடவை நூலும் நாடாத் துணுக்கும் மஞ்சளும் ரோஸும். மண்டி போட்டு வார ஆரம்பித்தேன். "அது வேஸ்ட்டு நைனா, இன்னாத்துக்கு?" என்று பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தோஷமான முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே வாரினேன். புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிரீன்வேஸ் ரோடு முழுக்க எப்படிச் சொல்வது என்பதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். பாயின் மேல் கோபம் வந்தால் சொல்வது சுலபமாக இருக்கும். வரவில்லை. அடையாறு பாலத்தில் சுவரில் சாய்ந்து நின்றேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாக எனக்கு வருகிற யோசனை அங்கே வந்தது. புத்தகத்தை வாசலில் வைத்து, பெல்லை அடித்துவிட்டு, சைதாப்பேட்டை போகாமல் நேராக சென்ட்ரல். எந்த வண்டி நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்ளலாம். அதற்குமுன் பல ஊர்களில் செய்தது அதுதான். அன்று செய்யவில்லை. கோணிப்பை தோளில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தத் துண்டுகள் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று டீச்சரைத் தவிர எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். கையிலிருந்து புத்தகத்தை வாங்கிச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தார்.

"அடடே! இப்பத்தான் புஸ்தகம் மாதிரி இருக்கு. ஏண்டி, வந்து பாரு."

டீச்சர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை. முதலில் அட்டையைத் தடவினார். பிறகு ஒரு விரலை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"மிஷின்லயா?"

"ஆமா டீச்சர்."

"எல்லாப் பக்கமுமா?"

"முதுவு மட்டும் கீது."

ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஊஞ்சல் ஆடவில்லை. வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டார். படிக்கவில்லை.

டீச்சர் என் தோளைப் பார்த்தார். "கோணியில என்ன?" என்றார்.

பின்கட்டு அறைத் தரையில் கொட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேரேட்டுத் துண்டுகளை ஒரு பக்கம், புத்தகத்தின் துண்டுகளை ஒரு பக்கம் என்று பிரித்தோம். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எங்கே இருந்தது என்று தெரிந்தவராகப் பார்த்து வைத்தார். எதுவும் ஒட்ட முடியாது என்பது எடுத்ததுமே தெரிந்துவிட்டது. வெட்டு அவ்வளவு சுத்தம். கிழிந்த இரண்டு தாளைச் சேர்க்கலாம், நார் நாரோடு போய்ப் பிடித்துக்கொள்ளும். பிளேடு வெட்டிய தாள்களைச் சேர்த்தால் கோடு தெரியும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது.

"டீச்சர், இதெல்லாத்தையும் கொத்தா கட்டி, புக்குக்குப் பக்கத்துலயே வச்சிரலாம். வெட்டுனது தனியா, புக்கு தனியா. பாக்கறவங்க புதுசா கீதேன்னு சொல்லுவாங்க."

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். துண்டுகளைக் கையில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பார்க்க நன்றாகவும் இருந்தது.

"சொல்லுவா. நன்னாவும் இருக்கும். ஆனா அது இன்னிக்கு சாயங்காலம் நமக்குத் தோணின சாமர்த்தியம். நான் ஒரு வருஷம் பண்ணினது அது இல்லை."

"ஏண்டி," என்றார் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றபடி, "ஓரம் முன்னாடி எப்படி இருந்ததுன்னு வர்றவாளுக்கு என்ன தெரியப் போறது? அப்படியே குடுத்துடு. இத்தனை நாள் கழிச்சு ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். இன்னொரு தரம் கூப்பிடுவானா?"

"மாட்டார்."

"பின்னே?"

"அவாளுக்குத் தெரியாதுங்கறது சரி. நேக்குத் தெரியுமோல்லியோ?"

அன்றைக்குக் கடைசி வார்த்தை தன்னுடையதாக இல்லாததை வீட்டுக்காரர் பொருட்படுத்தவில்லை. காபி போடப் போனார். அவர் காபி போட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

வெளியே மொபெட் சத்தம் கேட்டது. பாய். டீயைக் குடிக்காமல் நான் வந்தது அவரை உறுத்தியிருக்கிறது. கடையை மூடிவிட்டு வந்திருந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"இன்னா தம்பி, சொல்லாம வந்துட்டே? அம்மாக்கு எதாச்சும் ஒடம்பு சரியில்லியா? வேலைல தப்பு எதாச்சும்?"

டீச்சர் வந்து உள்ளே கூப்பிட்டார். பாய் அறைக்குள் வந்து, தரையில் பிரித்து வைத்திருந்த துண்டுகளைப் பார்த்தார்.

"இது நம்ம கடை வேஸ்ட்டு ஆச்சே."

டீச்சர் அலமாரிக்குக் கீழே மிச்சமிருந்த ஒரு போஸ்டர் பாளத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் பக்கத்தில் வெட்டிய புத்தகத்தை வைத்தார். "ஓரத்தைப் பாருங்கோ பாய்" என்றார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதலில் பாளம். பிறகு புத்தகம். திரும்ப ஒரு தடவை பாளம். தரையில் கிடந்த நூலையும் நாடாவையும் பார்த்தார்.

"அல்லாவே. அப்போ ஓரந்தான் படமா?"

"ஓரந்தான் படம்."

பாய் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும். தோணலை பாய். சொல்லியிருந்தா வெட்டாம விட்டிருப்பேளா?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"காது கேட்டுக்கினு இருக்கும்மா. கை வெட்டிக்கினு இருக்கும். தச்ச பொஸ்தகத்த வெட்டாம குடுத்ததே கெடையாது. வெட்டாம வெளிய போச்சுன்னா, ராத்திரி தூக்கம் வராது."

டீச்சர் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். பாய்க்கு அது தைரியம் கொடுத்தது.

"அடுத்த தடவ கொண்டாங்க. மிஷின் ரூமுக்கே கொண்டுபோவ மாட்டேன். என் வூட்ல வச்சுத் தச்சுத் தர்றேன்."

"இல்லை பாய். அடுத்ததை நானே தைச்சுக்கறேன். சின்னச் சின்னதா பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா."

பாய் முகம் வாடியது. டீச்சருக்கு அது தெரிந்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. வீட்டுக்காரர் கொண்டுவந்த காபி மூன்று பேருக்குப் போதுமானதாகவும் நான்கு பேருக்குக் குறைவாகவும் இருந்தது. அவர் தன் பங்கை பாய்க்குக் கொடுத்தார். "வெட்டு பிரமாதம் பாய். அதைச் சொல்லணும்" என்றார். பாய் அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் தலையாட்டினார். போகும்போது, வாசலில், தைத்ததற்கு எதுவும் வாங்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு டீச்சர் போன் செய்தார். கூடத்தில் நின்று பேசினார். எங்களுக்குக் கேட்டது ஒரு பக்கம்தான்.

"நாளைக்குக் கார் அனுப்ப வேண்டாம்... இல்லை, உடம்பெல்லாம் நன்னா இருக்கு. புஸ்தகம் இல்லை... இருக்கு, ஆனா அது இல்லை... பேர் அச்சாயிடுத்துன்னா கோடு போட்டு அடிச்சுடுங்கோ... பழசு எதையும் குடுக்கலை, அதெல்லாம் நீங்க ஏற்கெனவே பாத்தது... ம். தெரியும். தெரியும்னுதான் சொல்றேன்."

வைத்துவிட்டு வந்து, துண்டுகளை ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டினார். வெட்டிய புத்தகத்தை அலமாரியில் மற்ற புத்தகங்களோடு நிறுத்தி வைத்தார். அங்கே அது பொருந்தித்தான் இருந்தது.

"இனிமே என்ன டீச்சர்?"

"இனிமே என்ன, இன்னொண்ணு. அதுக்கு ஒரு சுவர் வேணும். நல்ல சுவர்." என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் எங்கேயும் நிற்காதவன் என்பது அவருக்குத் தெரியும். சுவர் யார் கொண்டுவருவார்கள் என்று கேட்கவில்லை.

சைதாப்பேட்டைக்கு நடந்தே போனேன். வழியில் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். தேர்தலுக்குச் சுவரில் எழுதக் கூடாது என்று கெடுபிடி வந்த காலம் அது. வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சுவரை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். எங்கள் கோஷ்டிக்கும் வேலை சுருங்கிவிட்டது. பெயர்க்கிற அளவுக்குக் கனமான பாளம் எங்கேயுமே இல்லை. இருந்த நல்லதையெல்லாம் ஒரு வருஷமாக நான்தான் பெயர்த்து முடித்திருந்தேன்.

இன்று நானும் காகிதம் ஒட்டித்தான் பிழைக்கிறேன். கண்காட்சிகளில் வைக்கிறார்கள், சில சமயம் நடு மேஜையிலும். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நான் ஒவ்வொரு ஊரையும் விட்டுப் போனதற்கும் அவர் அந்தக் கண்காட்சியை விட்டதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டும் கையிலிருப்பதை விட்டுவிடுவதுதான். ஆனால் நான் விட்ட பிறகு எனக்குச் செய்ய எதுவும் மிச்சமிருக்காது. அவர் விட்ட மறுநிமிஷமே வேலை இருந்தது. அவ்வளவு நாள் காத்திருந்ததை ஒரு போனில் முடித்துவிட்டு, அடுத்த பாளத்துக்காக அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாரே, அதை நான் பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒன்றை விடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாளம் வேண்டுமென்றால் யாராவது ஒட்ட வேண்டும் என்பது மட்டும் அன்று ராத்திரி பழ வண்டியில் படுத்திருந்தபோது தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை கோடம்பாக்கம் போனேன். சினிமாப் போஸ்டர் ஒட்டும் காண்டிராக்டர் ஒருவரின் கொட்டகை அங்கே ரயில் பாதைப் பக்கம் இருந்தது. டிரம்மில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டியவர் கோலால் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு மின்ன இன்னா வேலை?"

"செவுரு சொரண்டிக்கினு இருந்தேன்."

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "மச்சி, பாத்தியா! நம்ம ஒட்டுனத பூரா கிழிச்சிக்கினு இருந்த ஆளு, நம்மகிட்டயே வேலைக்கு வந்துக்கீறாரு!" என்று ஒருவன் கையைத் தட்டினான். அவர்களுக்கும் எங்களுக்கும் எப்போதும் ஆகாது.

"சும்மா இர்றா. எத்தினி நாளு இருப்ப நைனா? ஒன்ன மாதிரி வர்றவன் ரெண்டு வெள்ளிக்கெழம படம் மாறுறதுக்குள்ள ஓடிப்பூட்றான்."

"ஒரு வருஷம் இருப்பேன்."

"அது இன்னா கணக்கு, ஒரு வருஷம்? அப்பால கண்ணாலமா?"

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பக்கெட்டில் பசையை ஊற்றி, சுருட்டின போஸ்டர் கட்டை என் அக்குளில் செருகினார்.

"சைதாப்பேட்ட லைன் ஒனக்கு. கேட்டுக்கோ, பழச கிழிச்சிக்கினு நிக்காத. அதும் மேலயே ஒட்டு. கிழிக்கவா நமக்கு நேரம் கீது?"

சரி என்றேன்.